அக்காவின் குரலில்

"குருவி! எழுந்திரும்மா... நேரமாச்சு பாரு!"

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. குருவி அவளுடைய மூத்த மகள். அவள் செத்துப் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது உள்ளே படுத்திருப்பவள் இளையவள், வாலு. பெற்ற அப்பாவுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். தெரிந்துதான் தினமும் விடிந்தும் விடியாமலும் அந்தப் பெயரைச் சொல்லி எழுப்புகிறார். அதைவிடக் கொடுமை, இந்தப் பெண்ணும் "இதோ வந்துட்டேம்பா" என்று எழுந்து வருகிறாள்!

கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். குருவி உட்கார்ந்த அதே நாற்காலி, குருவி போட்டுப் பார்த்த அதே பழைய வினாத்தாள்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து விரட்டிக்கொண்டிருப்பார்.

"தெரியாத கேள்வியில முட்டிக்கிட்டு நிக்காத. விட்டுட்டுப் போ. எல்லாத்தையும் முடிச்சிட்டு அதுக்குத் திரும்பி வா. குருவி அப்படித்தான் செய்வா."

அப்புறம் அந்தக் குரல் வரும்.

வாலுவுக்குக் கரகரத்த குரல். வாயைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும். ஆனால் காலையில் கேள்விகளை வாசிக்கும்போது மட்டும் மெல்லிய குரலில், ஒவ்வொரு வரியின் முடிவையும் லேசாக இழுத்து... அப்படியே குருவி வாசிப்பது போல வாசித்தாள். முதல் நாள் அதைக் கேட்டதும் அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிப் போய்ப் பார்த்தாள். பின்னாலிருந்து பார்த்தால் அதே பின்னல், அதே சாய்ந்த தலை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குடி அப்படிப் படிக்கிற?" என்று அப்புறம் தனியாக இழுத்துப் போய்க் கேட்டாள்.

"அப்படிப் படிச்சா அப்பா என்னைத் திட்டறதில்லைம்மா."

அந்த வீட்டில் அம்மா வாய் திறந்தால் பதில் சொல்ல வேறொருவர் தயாராக இருந்தார். இன்றைக்கும் அடுப்படியில் அவர் குரல் கேட்டது.

"நின்னு என்ன வேடிக்கை பார்க்கிற? டீ பொங்குது பாரு!"

அவர்தான் நாத்தனார், அப்பாவின் அக்கா. குருவியின் சாவுக்கு வந்தவர், தம்பியைத் தனியாக விட மனசு வராமல் இங்கேயே தங்கிவிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். தம்பி மனைவியைக் கண்டால் மட்டும் நாக்கில் நெருப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"மருந்துக்கடையில நின்னு ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ... பெத்த பொண்ணு காய்ச்சல்ல கொதிக்கும்போது பரீட்சைக்கு அனுப்பி வெச்சாளே மகராசி!"

அம்மா டீயை வடிகட்டினாள்.

அன்று விடுமுறை நாள். டீ டம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள் பயிற்சி மையத்து டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். முகமே சரியில்லை.

"மாதிரித் தேர்வுல பாதிக் கேள்வியைக் காலியா விட்டிருக்கா சார். கேட்டா, திரும்பி வரலாம்னு இருந்தேங்கிறா. திரும்பி எங்க வர்றது? இந்த வருஷம் கம்ப்யூட்டர்ல எழுதணும். ஒரு கேள்வியைத் தாண்டிட்டா அது மூடிக்கும், அப்புறம் திறக்காது. புது விதிமுறையை வகுப்புல படிச்சுப் படிச்சு சொல்லியாச்சே!"

"அதெல்லாம் நிலைக்காது டீச்சர்," என்றார் அப்பா. "தப்பான விடைக்கு மார்க் குறைப்போம்னானுங்க, அப்புறம் குறைக்க மாட்டோம்னானுங்க. போன வருஷமும் கம்ப்யூட்டர்னு சொல்லிட்டு, கடைசி நேரத்துல பேப்பரைத்தானே நீட்டினானுங்க? இதையும் மாத்துவானுங்க. என் பெரிய பொண்ணு இப்படித்தான் பழகினா..."

"இப்ப எழுதப் போறது சின்னப் பொண்ணு சார்."

டீச்சர் அதற்கு மேல் உட்காரவில்லை. அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் நாத்தனார் ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுல அம்மான்னு ஒருத்தி ஒழுங்கா இருந்தா பொண்ணு இப்படியா காலியா விட்டுட்டு வருவா? ஒருத்தியை வாரிக் குடுத்தது போதலையா? இவளையும் முழுங்கணுமா உனக்கு?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்! இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவருக்குத் தரையில் ஏதாவது தெரியும்.

"அத்தை! நிறுத்துங்க!"

கரகரத்த குரல். வாலுவின் சொந்தக் குரல். அந்த அறையில் அதைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

"அக்காவை அம்மா அனுப்பல. அன்னிக்கு நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன், முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அம்மா வாசக்கதவுல ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னாங்க. 'பரீட்சை அடுத்த வருஷமும் வரும், பொண்ணு வருவாளா'ன்னு கத்தினாங்க. அப்பாதான்... அம்மா கையைத் தட்டிவிட்டுட்டு அக்காவைக் கூட்டிட்டுப் போனாரு."

நாத்தனார் வாலுவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடி உளர்ற...? தம்பி! நீ சொல்லுடா. பொய்தானே?"

அப்பா தரையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"பொய் இல்லக்கா..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "அடுத்த வருஷம் பாடம், தேர்வு முறை எல்லாமே மாறப் போகுதுன்னு அறிவிச்சிருந்தாங்க. பழைய முறையிலேயே எழுதி முடிச்சிடட்டும், பழகினதெல்லாம் வீணாயிடக் கூடாதேன்னு... இவ மருந்துக்கடைப் பையில இருந்த மாத்திரையை எடுத்துக் குடுத்தேன். சூடு இறங்கினதும் கூட்டிட்டுப் போனேன். பாதிப் பரீட்சையில சுருண்டு விழுந்துட்டாக்கா..."

"அப்புறம் இவ ஏன்டா பழியை ஏத்துக்கிட்டா?"

அம்மாதான் பதில் சொன்னாள். இரண்டு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அது.

"ஆஸ்பத்திரியில இவர் சுவத்துல தலையை மோதிக்கிட்டு நின்னாரு அண்ணி. நெத்தியெல்லாம் ரத்தம். 'நான் இருக்க மாட்டேன், நானும் போறேன்'னு ஒரே புலம்பல். அந்த நேரம் நீங்க ஓடி வந்து, 'எந்தப் பாவி அனுப்பினது'ன்னு கேட்டீங்க. இவர் வாயைத் திறந்து சொல்லிட்டா இவரையும் இழந்துடுவேனோன்னு பயமாயிருந்துச்சு. நான்தான்னு சொல்லிட்டேன். சின்னவளுக்கு அப்பா வேணுமே அண்ணி..."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா கணவர் பக்கம் திரும்பினாள்.

"பழியைச் சுமந்ததுக்கு நான் வருத்தப்படலைங்க. இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் சுமப்பேன். ஆனா நீங்க செஞ்சது என்ன? தினமும் காலையில செத்தவளை எழுப்பி உட்கார வெக்கிறீங்க! என் வாலு எங்க போனா? அவ எப்படிச் சிரிப்பான்னே எனக்கு மறந்துபோச்சே... ஒருத்தியைத்தான் என்னால காப்பாத்த முடியல. இவளையாவது எனக்குக் குடுத்துடுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் நாத்தனார் வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "கேட்டிருக்கலாமேடி... ஒரு நாள் என்னை எதிர்த்துக் கேட்டிருக்கலாமே! என்னென்ன பேசிட்டேன்... எப்படிடி தாங்கின?" இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். யாரை யார் தேற்றுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் வாலு லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துக்கொண்டு புது முறையில் மாதிரித் தேர்வைத் திறந்தாள். அப்பா தயங்கித் தயங்கி வந்து ஓரமாக உட்கார்ந்தார். அம்மாவும் அவர் அருகில் உட்கார்ந்தாள். நாலைந்து கேள்விகள் ஓடின. ஒன்றில் வாலு திணறி நின்றாள். அப்பாவின் உதடு அசைந்தது. விட்டுட்டுப் போ என்று சொல்லப் போகிறார் என்று அம்மா பயந்தாள். அவர் சொல்லவில்லை.

"உனக்கு எது சரின்னு தோணுதோ அதைப் போடும்மா," என்றார்.

வாலு ஒன்றைத் தேர்ந்து அழுத்தினாள். திரை மாறியது.

"முந்தின கேள்வி எங்க?"

"போயிடுச்சுப்பா."

"சும்மா பார்க்கக்கூட முடியாதா?"

"முடியாதுப்பா."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, "போயிட்டாளே... என் குருவி போயிட்டாளே!" என்று வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியில் புலம்பிய அந்த நாளுக்குப் பிறகு அவர் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. அம்மா அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

வாலு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கரகரத்த குரலில், சத்தமாக, அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள்.