தைத்த தொட்டில்

ஒரு பிள்ளை அழாமலிருக்க விலை நாற்பது ரூபாய். பதுளைக் கடைவீதியில் வயிற்றுவலி மருந்துப் போத்தல் அந்த விலைக்குத்தான் போனது. 1997 ஆடியில் பத்துப் போத்தலும் ஒரு மூட்டைக் குழந்தைச் சட்டையும் சுமந்து, மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். கொழுந்தெடுக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். வழக்கமாக வாசலிலேயே காது கிழியும்.

அன்று சத்தமே இல்லை. உள்ளே ஒரு புளித்த வாடை.

ஆயா ரெங்கம்மா மருந்து வேண்டாமென்று கையசைத்தாள். எவனோ விலையைக் குறைத்து எனக்கு முந்திவிட்டான் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன்.

பால் கொடுக்க ஓடிவந்த பாக்கியலெட்சுமிக்கு வேறு சந்தேகம். அவளுடைய மூன்று மாத விதுஷா ஒரு வாரமாக மார்பில் வாய் வைக்கவில்லை; ஆனால் கன்னம் உப்பிக்கொண்டே வந்தது. ஆயா தூக்கமருந்து கொடுக்கிறாள் என்றே நினைத்தாள்.

"ஊர் ஊரா மருந்து விக்கிறவங்க நீங்க. வாயை மோந்து பாத்துச் சொல்லுங்க மொதலாளி."

மோந்தேன். மருந்தில்லை. அதே புளிப்பு.

"நான் ஒண்ணும் குடுக்கல தாயி," என்று ரெங்கம்மா கிசுகிசுத்தாள். "அதுங்கதான் ஊட்டுது. மொத நாளு நசுக்கிப் போட்டேன். புள்ளைங்க பூரா அழுது நீலமாயிருச்சு. அப்புறம் கை வைக்கல."

தொட்டில் கயிற்றில் செவ்வெறும்புகள், முசுறுகள், வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் குஞ்சுக்கு ஊட்டுவதுபோலப் பிள்ளையின் உதட்டில் வாய் வைத்துத் திரும்பியது.

ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

பாக்கியலெட்சுமி பிள்ளையை வாரியெடுத்தாள்.

வரிசை நின்றது.

நான் தேயிலை மலைக்கு ஓடித் தாய்மாரைக் கூட்டிவந்தேன். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போனார்கள். தன் பிள்ளையோடு பாக்கியலெட்சுமி கடைசியாக வாசலைத் தாண்டும்போது, மூலையில் ஓர் அழுகை கேட்டது.

அங்கே ஒரு சேலைத் தொட்டில். வாய் மூடித் தைக்கப்பட்டிருந்தது. முசுறு தன் குஞ்சை வாயில் கவ்வி, அது விடும் நூலால் மாவிலையைத் தைக்கும், பார்த்திருக்கிறேன். சேலையைத் தைத்துப் பார்த்ததில்லை. துணி வியாபாரி சொல்கிறேன், அத்தனை நெருக்கமான தையல் எந்த மெஷினிலும் வராது.

உள்ளே ஏதோ உதைத்தது. பசித்த அழுகை.

பாக்கியலெட்சுமியின் சட்டை பாலில் நனைந்தது. கையிலிருந்த பிள்ளை அசையாமல் அவளையே பார்த்தது.

"ஆயா," என்றாள் மெதுவாக, "எங்கையில இருக்கிறது எம்புள்ளைதானே?"

ரெங்கம்மா வரவுக் கொப்பியை விரித்து, விரல் வைத்து எண்ணினாள்.

காலையில் வந்தது பதினொன்று.

தாய்மார் எடுத்தது பதினொன்று.

மீதி ஒன்று.