யாரும் பிறக்காத நாடு

நெடும்பார் நாட்டின் பிரதமர் சேர்மத்துரை, ஈர லுங்கியோடு படகுத்துறையில் நின்று கப்பல் கயிற்றைப் பிடித்தார். ஜெனரேட்டர் பார்ப்பதும் அவர்தான், கயிறு பிடிப்பதும் அவர்தான். மொத்தம் எழுபத்தொரு பேர் இருக்கிற நாட்டில் ஆள் வைத்து ஆட்சி செய்ய முடியாது.

"வாங்க மேடம். இந்த வருசமும் ஒண்ணும் பொறக்கல" என்றார், வணக்கத்துக்குப் பதிலாக.

செண்பகவல்லி தலையசைத்துவிட்டு இறங்கினாள். நான்கு நாள் கடல் பயணத்தில் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. ஐம்பத்தேழு வயதில், கோவில்பட்டியில் வீட்டோடு இருந்து பேரனுக்குச் சோறு ஊட்ட வேண்டியவள், உலக நாட்டுப்பதிவகத்தின் சரிபார்ப்பாளராக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு நாட்டையும் பற்றிச் சொல்லப்படும் வியப்பான செய்தி இந்த வருடமும் உண்மைதானா என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஆறே இல்லாத சவுதி அரேபியாவுக்குப் போய் ஆறு இல்லை என்று எழுதிக் கொடுப்பாள். இன்னொரு நாட்டுக்குள் முழுக்க அடங்கிக் கிடக்கும் லெசோத்தோ இன்னும் அப்படியேதான் கிடக்கிறதா என்று பார்ப்பாள். அது வேறு எங்கே போய்விடும் என்று பதிவகத்தில் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.

எல்லாம் அந்த வியப்புமானி வந்ததால் வந்த வினை. கடல் ஏறத் தொடங்கிய பத்தாண்டுகளில் சின்னச் சின்ன நாடுகளுக்கு அரிசியும் மருந்தும் அனுப்பக் கப்பல் போதவில்லை. எந்த நாட்டுக்குக் கொடுப்பது, எதை விடுவது என்று உலகம் அடித்துக்கொண்டபோது ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்: பெயரே தெரியாத நாட்டுக்காக யாரும் இரக்கப்படுவதில்லை, ஆனால் ஒரு நாட்டைப் பற்றி ஒரே ஒரு வியப்பான செய்தி தெரிந்துவிட்டால் மனிதர்கள் அதை மறப்பதில்லை. அன்றிலிருந்து எல்லார் காதுக்குப் பின்னாலும் ஒரு செவிக்குமிழ். ஒரு நாட்டின் செய்தியை லட்சம் பேரின் காதில் போட்டால், அவர்கள் மூளை துள்ளுகிற துள்ளலை வியப்புமானி அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு வியப்பெண்ணைத் தரும். நடித்து ஏமாற்ற முடியாது. அறுபதுக்கு மேல் இருந்தால் மாதம் ஒரு கப்பல். கீழே போனால் கப்பல் நின்றுவிடும், மக்களை வாரிக்கொண்டு போய் ஏதாவது ஒரு பெருநகரத்தின் முகாமில் விட்டுவிடுவார்கள்.

நெடும்பாருக்கு வேறு கதி கிடையாது. கடலடிக் கம்பிகளைப் பழுது பார்க்கத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர்கள் குடியேறிய பாறை அது. இரண்டு பெரிய நாடுகள் அதற்காகச் சண்டை போட்டு, இரண்டுக்கும் ஒரே வாரத்தில் அலுத்துப்போய்க் கைவிட, அது தனி நாடாகிவிட்டது. அங்கே வந்த பெண்கள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கப்பலேறி, பிள்ளை பெற்று, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஊர் வழக்கம். அதில் யாருக்கும் ஒரு வியப்பும் தெரியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே வந்த செண்பகவல்லிக்குத்தான் தெரிந்தது. 'ஒருவர்கூடப் பிறக்காத நாடு' என்ற வாசகத்தை எழுதியவளே அவள்தான். எண்பத்தொன்று வந்தது. அன்று இந்தத் துறையில் அவளுக்கு மாலை போட்டார்கள்.

அப்புறம் வழக்கம் சட்டமாகிவிட்டது. இங்கே பிள்ளை பெற்றால் நெடும்பாரும் மற்ற நாடுகளைப் போல ஒரு நாடு, கப்பல் கிடையாது. கேட்டுக் கேட்டு உலகத்துக்குப் பழகிவிட்டதால் எண் வேறு இறங்கி அறுபத்து நான்கில் நின்றது.

செண்பகவல்லி வீடு வீடாகப் போய் ஆளை எண்ணினாள், பிறந்த ஊரைக் கேட்டுக் குறித்தாள். கடைசி வீட்டில் பிரம்மசக்தி இருந்தாள். இருபத்தொன்பது வயது. கம்பிப் பழுது பார்க்கும் லிங்கராஜின் மனைவி. போன வாரம் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் இருந்தன.

"எத்தனாவது மாசம்?"

"ஏழு முடியப்போவுது. இந்தக் கப்பல்ல ஒங்ககூடத்தான் வாரேன் யக்கா."

செண்பகவல்லி அவள் வயிற்றைப் பார்த்தாள். வயிறு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. ரெண்டு பெற்றவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்கிட்ட எதுக்குடி பொய் சொல்லுத? ஒம்பது தாண்டியாச்சு."

பிரம்மசக்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஏழாம் மாசம் ஏறுனேன் யக்கா. ஆடி மாசக் கடலு. மூணாம் நாளு ஆட்டத்துல வலி வந்துட்டு. பொம்பளப் பிள்ள. அரை நாளு மூச்சு இருந்துச்சு. அங்கனயே கடல்ல விட்டாவ. இப்ப எங்க போயிக் கும்பிடன்னு எனக்கு ஒரு எடம் இல்ல. இதுவும் ஆடிதான். இந்தப் பிள்ளைய நான் தரையிலதான் பெறுவேன். அவருக்குக்கூட மாசத்த மாத்தித்தான் சொல்லியிருக்கேன்."

"இங்க எழுவது பேரு இருக்காங்க பிரம்மசக்தி."

"தெரியும்."

சட்டம் பேச வேண்டியவள் செண்பகவல்லி. ஆனால் அந்தச் சட்டம் தான் எழுதிய வாசகத்திலிருந்து வந்தது என்பதும், அந்தக் குழந்தை கடலில் போனது அதனால்தான் என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது. தன்மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து போனாள்.

நாளை வரை பிள்ளை காத்திருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கஞ்சி குடிக்கும் நேரத்துக்கு வலி கண்டுவிட்டது. அரை மணியில் மொத்த அமைச்சரவையும் வாசலில் கூடிவிட்டது. அதாவது, ஊரே கூடிவிட்டது. லிங்கராஜ் பேயறைந்தவன் மாதிரி நின்றான். சேர்மத்துரை யாரையும் திட்டவில்லை. அவர் நல்ல மனிதர். படகை இறக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"பன்னெண்டு மைலு தாண்டிட்டா நம்ம எல்லை இல்ல மேடம். படகுல பொறந்தா நம்ம நாட்டுல பொறந்ததாவாது. ரெண்டு மணி நேரம் தாங்கும்லா?"

வெளியே அலை துறையின் மேலேறி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பிரம்மசக்தி கத்துவது கேட்டது, வலியில் இல்லை, "படகு வேண்டாம்" என்று.

"படக இறக்காதீங்க" என்றாள் செண்பகவல்லி.

"அறுவத்து நாலுதான் இருக்கு மேடம். பச்சப் பிள்ளையளே பதினோரு பேரு இருக்கு. முகாமுல கொண்டுபோயி அடைச்சிருவாவ."

"நீங்க அவளப் படகுல ஏத்துனா, ஏத்துனீங்கன்னுதான் எழுதுவேன். ஒண்ணும் பொறக்கலன்னு எழுதமாட்டேன். அப்புறம் ஒங்க இஷ்டம்."

அது துணிச்சல் இல்லை. இருபத்தாறு வருடம் பொய்யில்லாமல் எழுதி எழுதிச் சலித்த கை அது. புதிதாக ஒரு பொய்யைத் தொடங்க அதற்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். படகு மணலிலேயே கிடந்தது.

அந்தத் தீவில் பிரசவம் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. கப்பலிலிருந்து எடுத்துவந்த பேசும் மருத்துவப்பெட்டி சொல்லச் சொல்ல, வெந்நீரும் துணியுமாகச் செண்பகவல்லியே கூட நின்றாள். உச்சிவேளையில் பிள்ளை பிறந்தது. பெண். அது வீறிட்டு அழுதபோது வெளியே ஒரு சத்தமும் இல்லை. எழுபது பேரும் வீடிழந்தவர்கள் போல மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அந்தக் குழந்தையின் மீது கோபம் கிடையாது. பயந்திருந்தார்கள்.

செண்பகவல்லி கையைக் கழுவிக்கொண்டு திண்டில் உட்கார்ந்து பதிவுப்பலகையை எடுத்தாள். பழைய வாசகத்தை அடித்தாள். புதிதாக எழுத என்ன இருக்கிறது? 'போக்குவரத்து விளக்கே இல்லாத நாடு' என்று முன்பு ஒரு தடவை போட்டுப் பார்த்து இருபத்திரண்டு வாங்கியாயிற்று. 'வயதுக்கு வந்த எல்லாரும் அமைச்சர்' என்பதற்கு நாற்பத்தொன்று. எரிச்சலில், நடந்ததை நடந்தபடி எழுதினாள்: 'வரலாற்றிலேயே ஒரே ஒருவர் மட்டும் பிறந்த நாடு.'

லட்சம் காதுகளுக்குப் போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆனது. எண்பத்தெட்டு.

அவள் அதைச் சொன்னதும் முதலில் யாரும் நம்பவில்லை. பலகையை வாங்கிக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். சேர்மத்துரை மணலிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை போல அழுதார். அடுத்த ஒரு மணி நேரத்தில் பாயசம் கொதித்தது. இனி இந்த மண்ணில் இரண்டாவது பிள்ளை பிறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பாயசத் தம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி அமைச்சர்கள் அதை நிறைவேற்றினார்கள். அதன் பிறகு எந்த வீட்டுப் பெண்ணும் குழந்தையைப் பார்க்காமல் போகவில்லை. தங்கமே, தாயே என்று கொஞ்சினார்கள். பிரம்மசக்தி சிரித்தாள். அவள் சிரித்துச் செண்பகவல்லி பார்த்தது அதுதான் முதல் தடவை. தன்னால் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்தபோது செண்பகவல்லிக்கும் நெஞ்சு லேசானது. அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

பதிவகம் இந்த ஆண்டுதான் ஒரு வசதியைச் சேர்த்திருந்தது. ஒரு நாடு புது வாசகம் வாங்கினால், அந்த எண் இனி என்ன செய்தால் ஏறும், என்ன செய்தால் இறங்கும் என்று பொறியே கணித்து அந்நாட்டுத் தலைவருக்கு ஒரு முன்கணிப்பு அனுப்பிவிடும். மறுநாள் காலை, குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்க வந்த சேர்மத்துரையின் கைப்பலகையில் அது வந்து சேர்ந்தது. அவர் பிரம்மசக்தியின் கட்டில் பக்கத்தில் நின்றபடியே படித்தார்.

படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார். குழந்தையைப் பார்த்தார். மறுபடியும் அந்த வரியைப் படித்தார்.

"என்ன மாமா போட்டிருக்கு?" என்றாள் பிரம்மசக்தி.

"சும்மா. மிசினு என்னத்தையாவது சொல்லும்." சிரித்துவிட்டு வெளியே போனார். போகும்போது கைப்பலகையைப் பத்திரமாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த முன்கணிப்பை அவர் அழிக்கவில்லை.

பிரம்மசக்தி செண்பகவல்லியின் பக்கம் திரும்பினாள். "ஒங்ககிட்டயும் வந்திருக்கும்லா. வாசிங்க யக்கா."

"எதுக்கு அது?"

"வாசிங்க."

செண்பகவல்லி வாசித்தாள். அப்படியே விட்டால் எட்டு வருடத்தில் பழகிப்போய் அறுபதுக்குக் கீழே இறங்கும். இன்னொரு குழந்தை பிறந்தால் பதினொன்று. பிறந்த அந்த ஒருவரும் நாட்டை விட்டுப் போய்விட்டால் தொண்ணூற்று மூன்று. அதோடு நிறுத்தப் பார்த்தாள். பிரம்மசக்தி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த அந்த ஒருவரும் அங்கேயே இறந்துவிட்டால் தொண்ணூற்று ஏழு.

வெளியே யாரோ இன்னொரு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். மீன் கழுவும் சத்தம் கேட்டது.

"அவரு தப்பா ஒண்ணும் நெனச்சிருக்கமாட்டாரு" என்றாள் செண்பகவல்லி. தான் நம்பாததைச் சொல்கிறோம் என்று அவளுக்கே கேட்டது.

"மாட்டாரு. எனக்கு வளையல் வாங்கிக் குடுத்ததே அவருதான். எதுவும் பண்ணமாட்டாரு." பிரம்மசக்தி குழந்தையின் காலைத் துணிக்குள் எடுத்து வைத்தாள். "ஆனா எட்டு வருசம் கழிச்சு அரிசி வராதுல்லா. அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல் வந்தா, மருந்து எடுக்க எவன் ஓடுவான்? ஓடுவாவ. மெதுவா ஓடுவாவ. கப்பலு எப்பம்?"

"நாளைக்கு."

"நாங்களும் வாரோம்."

பெற்ற மூன்றாம் நாள், அதே ஆடிக் கடலில், நான்கு நாள் பயணம். எந்தக் கடலுக்குப் பயந்து மாதத்தை மாற்றிப் பொய் சொன்னாளோ அதிலேயே இப்போது தானே போய் ஏறினாள். லிங்கராஜால் கூட வர முடியவில்லை. கம்பி பார்க்க வேறு ஆளில்லை, அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னான். செண்பகவல்லி குழந்தையை வாங்கிக்கொண்டாள். மூன்று நாள் பிள்ளைக்குக் கனமே இல்லை. அவளுக்கு இதோடு வேலையை விட்டுவிட வேண்டும் என்றிருந்தது. போன வருடமும் அப்படித்தான் இருந்தது.

சேர்மத்துரை கயிற்றை அவிழ்த்துவிட்டார். "பிள்ளைய நல்லா பாத்துக்கோம்மா. பொறந்த ஊர மறந்துராத" என்றார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது.

கப்பல் நகர்ந்து பன்னிரண்டாவது மைலைத் தாண்டியாக வேண்டும், வாசகம் மாற. ஆனால் முன்னறிவிப்பாகப் போட்டுவைக்க விதியுண்டு. துறை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே செண்பகவல்லி அதைப் போட்டாள்: 'பிறந்த ஒரே மனிதரையும் மூன்றாம் நாளே கப்பலேற்றி அனுப்பிவிட்ட நாடு.' போடாமலிருக்க முடியாது, அது உண்மை. கப்பல் இன்னும் பாறைகளுக்கிடையே நெளிந்து மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கரையில் யாரும் கலையவில்லை. எண்ணுக்காக நின்றார்கள்.

இருபது நிமிடம் கழித்துக் கரையிலிருந்து கைதட்டல் கேட்டது. காற்றில் அது விட்டு விட்டு வந்தது.

"எதுக்குக் கை தட்டுதாவ?" என்றாள் பிரம்மசக்தி. அவள் கப்பல் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

"எண்ணு வந்துட்டு. தொண்ணூத்தாறு. பொறி சொன்னதுக்கு மேலயே."

பிரம்மசக்தி கரையையே பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் லிங்கராஜ் நின்றான். முதலில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நின்றான். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அவனும் கை தட்டினான்.