ஐந்து வட்டங்கள்

நட்டுப் பன்னிரண்டு நாள்கூட ஆகாத வயலில், ஒரு தாம்பாள அகலத்துக்கு மட்டும் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது.

நன்னிலத்துப் பக்கம் நாலு ஊருக்கு வி.ஏ.ஓ.வான அக்னஸ், பயிர்க் கணக்கெடுக்க வந்த இடத்தில் போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சுற்றிலும் சாண் உயரப் பச்சை, சேற்று வாடை, ஓயாத தவளைச் சத்தம். அந்த வட்டத்துக்கு மேலே குனிந்தால் மட்டும் உலர்ந்த சூடு, புது வைக்கோல் மணம், சத்தமே இல்லாத ஓர் அமைதி. அப்படி ஐந்து வட்டங்கள். நான்கு வரிசையாக, ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி.

"நேத்து சாயங்காலம் இதெல்லாம் இல்ல தங்கச்சி," என்றார் வயல்காரர் சகாயநாதன். "மாதா குடுத்ததுன்னு வச்சுக்குவோம். முதக் கதிரு, நீ எடுத்துட்டுப் போ."

முதல் கதிரைக் கண்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வீட்டு நிலையில் சிலுவைக்குக் கீழே செருக வேண்டும். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். கை நீட்டி ஒரு கதிரை ஒடித்தாள். வட்டத்துக்குள் போன கை சுருங்கி, நரம்பு புடைத்து, கிழவியின் கையாகத் தெரிந்தது. வெடுக்கென்று இழுத்தாள். பழைய கைதான். வெயில் கண்ணைக் கட்டுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கதிரை நிலையில் செருகியது அவள் மகள் ஜாஸ்லின். பத்து வயது, அவளுக்கு எல்லாவற்றிலும் கேள்விதான். அன்று மாலை வாளித் தண்ணீரில் விரல்நுனிகளை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, தண்ணி மேல ஓடுற பூச்சிக்கு என் கை தெரியாதுல்ல? அஞ்சு வட்டம் மட்டும்தான தெரியும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் எங்க வேணா தொடுவேன். பாவம், அதுக்கு ஒண்ணுமே புரியாது."

அக்னஸ் அந்த விரல்நுனிகளைப் பார்த்தாள். வயலில் கண்ட அதே அமைப்பு. நான்கு வரிசையாக, ஒன்று தள்ளி.

மறுநாள் மாலை அக்னஸ் போனபோது அந்த வயலே இல்லை. ஆள் இடுப்புப் பருமனில் கருவை மரங்கள். பின்னால் இருந்த சகாயநாதனின் ஓட்டு வீடும் இல்லை. அந்த வயலில் நாற்று நட்ட நாகம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"எந்த சகாயநாதன்ம்மா? இது சூசைன்னு ஒருத்தரு எடம். கல்யாணத்துக்கு முன்னாடியே வெள்ளத்துல போயிட்டாராம். வாரிசே கெடையாது."

சூசை, சகாயநாதனின் தாத்தா. எண்பது வயது வாழ்ந்தவர். அவர் அடக்கத்துக்கு அக்னஸே போயிருக்கிறாள். யாரோ அந்தப் பழைய வெள்ளத்துக்குள் விரலை விட்டு அவரை அமுக்கியிருக்கிறார்கள். ஊரே மறந்துவிட்டது. வட்டத்துக்குள் கையை விட்ட அவள் ஒருத்திக்குத்தான் நினைவிருக்கிறது.

அப்போதுதான் ஜாஸ்லின் செருகிய கதிர் ஞாபகம் வந்தது.

வண்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். பிள்ளை தனியாக இருக்கும்.

நிலையில் கதிர் பச்சையாகியிருந்தது. பால் பிடித்த கதிர். பார்க்கப் பார்க்க வெறும் பூ. பிடுங்கி எறிந்தாள்.

"அம்மா..."

வாசற்படியில் ஜாஸ்லின். பள்ளிச் சட்டை தோளிலிருந்து நழுவியது. இரண்டு வருஷத்துக்கு முன்பே முளைத்த முன்பல் இரண்டும் இல்லை. குரலில் மழலை.

அக்னஸ் தாவி அவளை அணைத்துக்கொண்டாள். இறுக்கினாள். ஏழு வயதுக் கனம். நாலு. இடுப்பில் தூக்கி வைத்த கனம். முற்றமெல்லாம் மழை. ஐந்து இடம் மட்டும் நனையவில்லை. நான்கு வரிசையாக. ஒன்று தள்ளி.

"விட்டுடு. என்னை எடுத்துக்க. பிள்ளைய விட்டுடு."

கைக்குள் ஒரு கைக்குழந்தையின் வீறல். பிறகு அதுவும் இல்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. கணவன் ஜெரால்ட் நனைந்தபடி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தான். குரல் அத்தனை கனிவாக இருந்தது.

"திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா அக்னஸ்? பிள்ள இல்லன்னா என்ன, உனக்கு நான் இல்லியா? யார் வீட்டுச் சட்டை இது? குடு."

அவள் கொடுக்கவில்லை. சட்டை இன்னும் சூடாக இருந்தது.