திரைக்குப் பின்னிருந்து ஒரு ‘நூறு’

பெண்ணையாற்றின் மீது முழுநிலவு எழும்பிக்கொண்டிருந்தது. மேற்கே அந்தியின் செம்மை இன்னும் கரையாததால், ஆறு ஒரு பாதி வெள்ளியாகவும் மறுபாதி குருதியாகவும் ஓடியது. கரையிலிருந்த வெண்மணற்கோட்டையில் அரசி உலகுடையாளின் நீதி அவை கூடியிருந்தது.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு, வாசகர்களே. அதிகாரிகளின் முறைகேட்டை அறிவிப்பவர் பட்டுத்திரைக்குப் பின்னால் அமர்வார். அவர் காதோடு சொல்வதைத் தாதி ஒருத்தி உரக்கச் சொல்வாள். திரையை விலக்குபவனை நாடு கடத்துவார்கள்.

“படைக்கலச் சாலையின் நல்ல இரும்பை விற்றுவிட்டு, மட்ட இரும்பில் ஈட்டி வடித்தார்கள். போரில் அவை வளைந்தன. ஏந்தியவர்கள் மாண்டார்கள்” என்றாள் தாதி.

தளபதி மழபாடியார் சிரித்தார். “உள்ளே இருப்பது ஆணா, பேயா, தேவி? பெயர் தெரிந்தால் என் ஆட்கள் வீடு தேடிப்போய் நன்றி சொல்வார்களே!”

அந்த நன்றி எத்தகையதென்று அவர் அருகில் நின்ற படைக்கலச் சாலைத் தலைவன் காரிக்குத் தெரியும். முன்பு வாய்திறந்த கொல்லனின் உடலை ஆற்றிலிருந்துதான் எடுத்தார்கள்.

அகிற்புகை அவன் நாசியில் ஏறியது. தும்மினான்.

“நூறு!” என்றது திரைக்குப் பின்னிருந்து ஒரு பெண்குரல்.

அவையோரின் தலைகள் திரையை நோக்கித் திரும்பின. திரைக்குப் பின்னால் காரியின் மனைவி வானவி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறைகேட்டை விட்டுவிடும்படி எத்தனையோ முறை அவனிடம் கெஞ்சியிருந்தாள்; “சாலை விவகாரம் உனக்கெதற்கு?” என்பதே அவன் பதில். அவன் குற்றத்தைச் சொன்ன அதே உதடுகள் இப்போது அவனுக்கு நூறாண்டு ஆயுள் வேண்டிவிட்டன. இரண்டில் எது தன் உண்மை? இரண்டுமே என்று அறிந்தாள்.

“காரி! உன்னை வாழ்த்துகிறாளே, யாரடா அவள்?” என்றார் மழபாடியார்.

காரி திரையைப் பார்க்கவில்லை. “தெரியாது. தும்மினால் யாரும் சொல்லும் வார்த்தைதானே, தளபதியாரே?” என்றவன், அரசியின் முன் மண்டியிட்டான். “தேவி, இனி அங்கிருந்து எதுவும் கேட்க வேண்டாம். இரும்பை மாற்றியவன் நான். மாற்றச் சொன்னவர் இந்தத் தளபதியார். இரும்பு எங்கே போனதென்று நானே காட்டுகிறேன்.”

அரசி கண் அசைத்தாள். காவலர் இருவரையும் சூழ்ந்தனர்.

திரையோரமாகக் காரியை நடத்திச் சென்றபோது, தூபத்தின் புகை மீண்டும் அவன் முகத்தில் படர்ந்தது. விலங்கிட்ட கைகளை உயர்த்தி மூக்கை இறுக அழுத்தி, கண்ணில் நீர் முட்ட, எழுந்த தும்மலை அவன் விழுங்கினான்.

திரைக்கு அப்பால் இரு உதடுகள் பிரிந்து, ஓசையின்றி மூடின.