கில்வாரா மாளிகையின் ஜன்னல்

காலையில் துடைத்த கை அடையாளம் மாலையில் மறுபடியும் ஜன்னல் கண்ணாடியில் இருந்தது. உள்பக்கம். சின்னக் கை, சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. போன கோடையில் மட்டக்குதிரையிலிருந்து விழுந்து லயனல் ஒடித்துக்கொண்ட விரல். லயனலைப் புதைத்து நாற்பது நாளாகிவிட்டது.

அவன் அம்மா சீமாட்டி லெட்டிஷியா கைக்குட்டையை எடுத்தாள். துடைக்க மனம் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் கலகக்காரர்கள் பிரபுக்களின் மாளிகைகளை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலை அவள் குடும்பமும் கப்பலேறி அயர்லாந்தை விட்டே போகிறது. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத்துணி போர்த்தியாயிற்று. கீழே அணையப்போகும் கணப்பில் எரியும் கரிமண் கட்டிகளின் புகை, ஈரக் கம்பளத்தின் வாடை, சுவருக்குள் எங்கோ விடாமல் சொட்டும் மழைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் நடுவே பிள்ளையைத் தன்னந்தனியாக விட்டுவிட்டுப் போகவேண்டும்.

அறை வாசலில் லயனலை வளர்த்த ஆயா ஹனோரா நின்றாள்.

"அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்மா. மூச்சு நின்னதும் ஜன்னலத் திறங்க, புள்ள போக வழி வேணும்னு. நீங்கதான் 'அதெல்லாம் உங்க ஜனங்களோட மூடநம்பிக்கை'ன்னுட்டீங்க."

"எங்க குடும்பத்துல யாரும் திறந்ததில்ல, ஹனோரா."

"அதத்தான் கண்ணால பாக்கறோமே."

குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் இருநூறு வருஷத்துப் பெயர்கள் இருந்தன. இதே அறையில் இறந்த குழந்தைகள் ஏழு பேர். எட்டாவதாக லயனலின் பெயரை அவளே எழுதினாள். ஒரு குழந்தைக்கும் ஜன்னல் திறக்கப்படவில்லை. குடியானவர்கள் செய்வதைப் பிரபு வீட்டில் செய்வதாவது என்ற வறட்டுக் கௌரவம். அவளுக்கும் அதில் பங்கு இருந்தது.

"இப்பத் திறந்தா போவானா? எட்டுப் பேரும் போவாங்களா?"

"எழுதினது எட்டு. உங்க வீட்டுப் பெரியவங்க வேலைக்காரப் பொண்ணுங்ககிட்ட பெத்துட்டு எழுதாம விட்டது எத்தனையோ, யாரு கண்டா?" ஹனோரா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "வழிய மறிச்சு நிக்காதீங்க. ரெண்டு மணி நேரம் திறந்தே கெடக்கட்டும். என்ன ஆனாலும் நடுவுல சாத்திடாதீங்கம்மா."

அவள் காலடி படியிறங்கித் தேய்ந்தது.

பெயின்ட் இறுகிப்போன சட்டத்தைக் கத்தியால் சுரண்டி, முழுப் பலத்தோடு மேலே தள்ளினாள் லெட்டிஷியா. வெளியே காற்றே இல்லை. ஆனால் திரைச்சீலை வெளிப்பக்கமாக உப்பியது. அறைக்குள்ளிருந்து ஏதோ ஜில்லென்று அவள் இடுப்பை உரசிக்கொண்டு போயிற்று.

ஒன்று.

இரண்டு. மூன்று. எண்ணினாள். பழைய பால் வாசனை. விக்கல் சத்தம். ஏழு.

எட்டாவது அவளருகே நின்றது. கடைசி வாரமெல்லாம் லயனலின் நெஞ்சில் தேய்த்த கற்பூரத் தைலத்தின் வாசனை.

"மம்மா."

போய்விட்டது.

அவளால் தாங்க முடியவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் அவளுடைய இடது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. சில்லென்றிருந்தது. இறுக்கிப் பிடித்தது.

திரும்பி வந்துவிட்டான்! அம்மாவை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. ஹனோரா சொன்னதெல்லாம் எங்கோ பறந்தது. ஜன்னலைப் படாரென்று இறக்கித் தாழ்ப்பாள் போட்டாள்.

"வந்துட்டியா, என் கண்ணே. வந்துட்டியா."

அந்த விரல்களை ஒவ்வொன்றாக வருடினாள். கட்டைவிரல். ஆள்காட்டிவிரல். நடுவிரல். மோதிரவிரல்.

சுண்டுவிரல் நேராக இருந்தது.

கண்ணாடியில் தட்டும் சத்தம். வெளிப்பக்கம் ஒரு கை அடையாளம் மெல்லப் படிந்தது. கோணல் சுண்டுவிரல்.

"மம்மா, குளிருது. திற."

தாழ்ப்பாளை நோக்கி வலது கையை நீட்டினாள்.

அந்தக் கையையும் உள்ளேயிருந்து இன்னொரு சின்னக் கை பிடித்துக்கொண்டது.