கேட்டதாகச் சொல்லுங்க

கடைசித் துவரம்பருப்புப் பொட்டலத்தின்மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன. ஒன்று செங்கமலத்தின் கை. இன்னொன்று யாரோ ஒரு மனிதருடையது.

“நீங்க எடுத்துக்கங்க,” என்றது செங்கமலத்தின் வாய்.

“ஐயோ, பரவால்லைங்க. நீங்கதான் முதல்ல வந்தீங்க,” என்றது அந்த மனிதரின் வாய்.

இருவர் காதுக்குக் கீழும் ஒரு பச்சைப் புள்ளி மின்னி அணைந்தது. இருவரும் புன்னகைத்தார்கள். இருவரும் பருப்பில்லாமல் நகர்ந்தார்கள்.

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்பில் இது வாரந்தோறும் நடப்பதுதான். அங்கே கடை திறக்கும் நாளும் செவ்வாய்க்கிழமை; யார் செய்த குறும்போ தெரியாது. கடை மூடும்போது ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே ஒரு பொட்டலம் அனாதையாய் நின்றுகொண்டிருக்கும். அதை எடுக்கும் துணிச்சல் அந்தக் கிரகத்தில் யாருக்கும் கிடையாது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. நிலத்தடியில் தொள்ளாயிரம் பேருக்கு ஒரே கடை, இரண்டு தள்ளுவண்டிகள் உரசாமல் போக முடியாத நடைவழிகள். முதல் வருடமே ஒருவர் வண்டி இன்னொருவர் குதிகாலில் ஏற, “கண்ணு தெரியலையா?” என்று தொடங்கிய பேச்சு மூன்று பேரின் பல்லோடு முடிந்தது. அதன்பிறகுதான் நிர்வாகம் ‘நாநயம்’ கொண்டுவந்தது. கடுகளவு சில்லு ஒன்றை நாக்குக்கு அடியில் பதித்துவிடுவார்கள். அறிமுகமில்லாதவரோடு சங்கடமான நேரம் வந்தால் அது குடியிருப்பின் மையக் கணினியைக் கேட்டு, கண் இமைப்பதற்குள் நாக்கைத் தன் வசம் எடுத்துக்கொண்டு பேசவேண்டியதைப் பேசிவிடும்; அது பேசும்போது காதுக்குக் கீழே பச்சைப் புள்ளி மின்னும். இடித்தால் மன்னிப்பு, வரிசையில் முந்தினால் சமாதானம். எதிரே வந்து சிரிப்பவர் யாரென்றே நினைவில்லையா, அதற்கும் தயாராக நான்கு வரி உண்டு: எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, சந்தோஷம், கேட்டதா சொல்லுங்க.

அந்தக் கடைசி வார்த்தையை உயிராய்ப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். செங்கமலத்தின் கணவர் மாசிலாமணி. எலும்பு கரையும் நோயில் ஏழு வருடம் படுக்கையோடு கிடந்தார். அவருடைய நாநயத்தைக்கூட மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். படுத்திருப்பவர் யார் காலில் வண்டியை ஏற்றப் போகிறார்? அவரைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. ஆனால் செவ்வாய்தோறும் பையோடு திரும்பும் மனைவியிடம் முதல் கேள்வி ஒன்றுதான்.

“கமலம், இன்னிக்கு என்னை யாரு கேட்டாங்க?”

“நீலப் பை வெச்சிருப்பாங்களே, அந்தம்மா கேட்டாங்க. ஐயா சௌக்கியமான்னு.”

“அது நம்ம ஆக்சிஜன் ஆலைத் தவமணியாத்தான் இருக்கும். பாத்தியா, மறக்கல.” பிறகு முகம் சுருங்கும். “அவங்க கேட்டாங்களா, இல்ல மெஷின் கேட்டுச்சா?”

“அவங்கதாங்க கேட்டாங்க,” என்று செங்கமலம் கூசாமல் பொய் சொல்வாள். அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஓட்டிவிடுவார்.

பத்தொன்பது நாள்களுக்கு முன் அவர் இறந்துபோனார். முகமூடி அணிந்த பணியாளர்கள் நான்கு பேர் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, உடலை எடுத்துப்போனார்கள். அழுதது அவள் ஒருத்திதான். ஏழு வருடம் அவரைக் கேட்டவர்களில் ஒருவராவது “ஐயோ” என்று சொல்லவேண்டும் என்பது மட்டுமே இப்போது அவளுடைய ஆசை. ஒரு மனிதன் போனதற்கு இரண்டு பேராவது வருந்தவேண்டாமா? அதற்காகத்தான், பசியே இல்லாதபோதும், கடைக்கு வந்திருந்தாள்.

எண்ணெய் அடுக்கின் திருப்பத்தில் நீலப் பை அம்மாளின் வண்டி வந்து மோதியது.

“மன்னிச்சுக்கங்க, பாக்கல. எப்படி இருக்கீங்க? வீட்ல ஐயா சௌக்கியமா?”

செங்கமலம் வாயைத் திறந்தாள். பத்தொன்பது நாளாய்ச் சேர்த்து வைத்திருந்த சொல் தொண்டைவரை வந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

“சௌக்கியமா இருக்காருங்க.”

“சந்தோஷம். கேட்டதா சொல்லுங்க.”

பச்சைப் புள்ளி மின்னியது. நீலப் பை போய்விட்டது. செத்த புருஷனைச் சௌக்கியம் என்று சொல்ல இந்தச் சில்லுக்கு என்ன உரிமை? வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கடைக்குப் பக்கத்திலிருந்த பராமரிப்பு அறைக்குள் நுழைந்தாள்.

“இதைப் பிடுங்கிப் போடுங்க தம்பி. இப்பவே.”

ராயப்பன் பல வருடங்களாக அந்த அறையில் இருக்கும் தொழில்நுட்பர். அவள் அழுகையோடு சொன்னதை முழுவதும் கேட்டான். கதவைச் சாத்தினான்.

“அம்மா, வெளிய சொல்லிடாதீங்க. இதைப் பிடுங்கறதும் ஒண்ணுதான், விடறதும் ஒண்ணுதான். மையக் கணினி எரிஞ்சு ஒம்பது வருஷமாச்சு. பூமியிலேர்ந்து பாகம் வரவே இல்ல. இங்க ஒருத்தர் நாக்குலயும் நாநயம் ஓடல.”

“பச்சை லைட்டு எரியுதே?”

“தாடை அசைஞ்சா எரியும், அவ்வளவுதான். சாப்பிடறப்பகூட எரியும். அடுத்தவங்க மூஞ்சிய யாரும்மா அவ்வளவு நேரம் பாக்கறாங்க?” அவன் தலையைச் சொறிந்தான். “மெஷின் நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா மறுபடி பல்லு உடையுமோன்னு மேலிடத்துல பயந்தாங்க. ஆறு மாசம் காவல் போட்டுப் பாத்தோம். ஒருத்தர்கூடக் கடைசிப் பொட்டலத்தை எடுக்கல.”

“அப்ப... இன்னிக்கு சௌக்கியம்னு சொன்னது?”

செங்கமலம் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். எந்தச் சில்லும் அவள் நாக்கைப் பிடிக்கவில்லை.

சட்டென்று நிமிர்ந்தாள். ஒன்பது வருடம். அவர் படுத்தது ஏழு வருடம். அப்படியென்றால் அந்த ஏழு வருடமும் கேட்டது இயந்திரம் இல்லை! நீலப் பை அம்மாள் தன் வாயால், தன் மனதால் கேட்டிருக்கிறாள். அவரிடம் தான் சொன்னதெல்லாம் பொய்யே இல்லை. கடைக்குத் திரும்பினாள். இந்த வயதில் தன்னால் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று அவளுக்கே தெரியாது.

நீலப் பை அம்மாள் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். செங்கமலம் அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கடையில் யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை.

“அம்மா, நான் அப்ப தப்பா சொல்லிட்டேன். அவரு சௌக்கியமா இல்லீங்க. இறந்துட்டாரு. பத்தொம்பது நாளாச்சு.”

அந்த அம்மாளின் கண் வரிசை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் அழகான புன்னகை விரிந்தது.

“அப்படியா, ரொம்ப சந்தோஷம். கேட்டதா சொல்லுங்க.”

வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

பின்னாலிருந்து யாருடைய வண்டியோ செங்கமலத்தின் குதிகாலில் இடித்தது. “மன்னிச்சுக்கங்க,” என்றது ஒரு குரல். கன்னத்தில் கண்ணீர் வழிய, “பரவால்லைங்க,” என்றாள் செங்கமலம்.

வீட்டுக்கு வந்தாள். வெறும் பையைக் கட்டிலின் ஓரம் வைத்தாள். மெத்தையில் அவர் படுத்த பள்ளம் இன்னும் நிரம்பவில்லை. வழக்கமான கேள்வி வரும் நேரம்வரை காத்திருந்தாள்.

“அந்த நீலப் பை அம்மா உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க,” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி குனிந்து சொன்னாள்.

“மெஷின் இல்லீங்க. அவங்கதான் கேட்டாங்க.”