அனந்திக்கு ஒரு பாட்டில் கஷாயம்

“ஏண்டி கெங்கா, தேன் பாட்டில் எப்படிடி பாதியாச்சு?”

வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அம்மா லட்சுமியம்மாள், அடுப்படியில் நின்று கேட்டாள்.

கெங்கம்மாள் பெருமையாக நிமிர்ந்தாள். ஆறாம் வகுப்பு. திண்டிவனத்தில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கபடி அணிக்கு அவள்தான் தலைவி.

“அனந்திக்கு பயங்கர ஜலதோஷம்மா. மூக்கு ரெண்டும் அடைச்சுக்கிச்சு. நாளைக்கு விழுப்புரத்துல போட்டி. மூச்சு விடாம பாடிக்கினு போறதுக்கு அவள விட்டா ஆளே இல்ல. அதான் மத்தியானம் வந்து நானே கஷாயம் வெச்சேன். சுக்கு, மிளகு, துளசி. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் டானிக் பாட்டில்ல ஊத்திக் குடுத்துட்டேன்.”

“யாரு, நம்ம மல்லாட்டை மண்டி ஜினசந்திரன் பொண்ணு அனந்தமதிக்கா?”

“ஆமா. அவங்க ஜைனங்கன்னு எனக்குத் தெரியாதா? பூண்டு போடல. பச்சை இஞ்சியும் போடல. மண்ணுக்கடியில விளையற பூண்டு, கெழங்கு அவங்களுக்கு ஆவாது, காஞ்ச சுக்குன்னா பரவால்லன்னு அனந்தியே சொல்லியிருக்கா. எல்லாம் பாத்துப் பாத்துதான் பண்ணேன். கசக்கும்னு தேன் மட்டும் நெறைய ஊத்தினேன்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அடிப் பாவி! அவங்க தேன தொடவே மாட்டாங்கடி! ஒரு கூடு கலைச்சா எத்தினி தேனீ சாவுது? ஒரு உசுரும் சாவக் கூடாதுங்கறவங்க அவங்க. பொறந்ததுலேருந்து அந்தப் பொண்ணு நாக்குல ஒரு சொட்டுத் தேன் பட்டிருக்காது!”

கெங்கா வாசலுக்கு ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலில் அனந்தி சொன்னது அப்படியே காதில் ஒலித்தது. “எங்க குணமதி அத்தையோட சாயந்திரமே விழுப்புரத்துல அவங்க வீட்டுக்குப் போறேன். பஸ்ஸுலயே டிபன் சாப்பிட்டுட்டு, பொழுது சாயறதுக்குள்ள உன் கஷாயத்தையும் குடிச்சிடுவேன். இருட்டினா தண்ணி கூட குடிக்க மாட்டோம் இல்ல?”

வெளியே எட்டிப் பார்த்தாள். சூரியன் சரியத் தொடங்கியிருந்தது.

உரலில் மிச்சமிருந்த சுக்கு மிளகுப் பொடியைக் காகிதத்தில் கொட்டினாள். ஒரு கட்டி வெல்லத்தையும் சேர்த்து மடித்தாள். அப்பாவின் சைக்கிள் சுவரோரம் நின்றது. அதன் சீட்டுக்கு அவளுக்கு உயரம் போதாது. பாருக்கு அடியில் காலை விட்டாள்.

“ஜல்தியா போடி!” என்று அம்மா கத்துவதற்குள் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

“இப்பதான் கிளம்பிச்சு பாப்பா,” என்றார் பூக்காரர்.

இனி எங்கே பிடிப்பது? சைக்கிள் பஸ்ஸைப் பிடிக்குமா? கெங்காவுக்கு அழுகை முட்டியது.

அப்போது தூரத்தில் ‘கூ’ என்று ஒரு சத்தம். கூட்ஸ் வண்டி!

கூட்ஸ் வருகிறது என்றால் ஊர் எல்லையில் ரயில்வே கேட்டைப் போட்டிருப்பார்கள். கேட் போட்டால் பஸ் நின்றுதானே ஆக வேண்டும்?

மிதித்தாள். செயின் கடகடவென்றது. பாவாடை கிரீஸில் மாட்டி ஓரம் கிழிந்தது. அதைப் பார்க்க நேரமில்லை.

கேட்டுக்கு முன்னால் கரும்பு லாரி, கட்டை வண்டி, அதற்கும் முன்னால் பஸ்! சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு ஓடினாள்.

நடு ஜன்னலில் அனந்தி உட்கார்ந்திருந்தாள். மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் குணமதி அத்தை காலி டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

அனந்தியின் கையில் டானிக் பாட்டில்!

“அனந்தீ! குடிக்காதடீ!”

அதே நேரம் கூட்ஸ் வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. தடக் தடக், தடக் தடக்! கெங்காவின் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை.

அனந்தி மூடியைத் திருகினாள். முகர்ந்து பார்த்தாள். அடைத்த மூக்குக்கு எந்த வாசனை தெரியும்?

பாட்டில் மெதுவாக உயர்ந்தது.

கெங்கா கல்லைத் தேடினாள். சே, கல்லா? கண்ணில் பட்டுவிட்டால்? பாவாடைப் பையில் கையை விட்டாள். சாயந்திரம் கொறிக்க வைத்திருந்த மல்லாட்டை, தோலோடு வறுத்த வேர்க்கடலை!

ஒரு கைப்பிடி அள்ளி வீசினாள். அது படிக்கட்டில் நின்ற கண்டக்டரின் வழுக்கைத் தலையில் போய்ப் பொலபொலவென்று விழுந்தது.

“எவன்டா அது?” என்று அவர் திரும்பினார். தொண்டை கட்டியிருந்ததால் அவர் போட்ட அதட்டலில் பாதி தவளைச் சத்தம் மாதிரி வந்தது, மீதி ரயில் சத்தத்தில் போனது.

பாட்டில் அனந்தியின் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

கபடியில் கெங்கா ஆள் பிடிப்பதற்கு முன் ஒரு கணம் அசையாமல் நிற்பாள். இப்போதும் அப்படியே நின்றாள். குறி பார்த்தாள். ஒரே ஒரு மல்லாட்டையை விட்டெறிந்தாள்.

டொக்! அனந்தியின் மணிக்கட்டில் பட்டது.

அனந்தி திடுக்கிட்டுப் பாட்டிலை இறக்கினாள். வெளியே இரண்டு கைகளையும் ஆட்டியபடி குதித்துக்கொண்டிருந்த கெங்காவைப் பார்த்து அவள் வாய் பிளந்தது.

கூட்ஸின் கடைசிப் பெட்டியும் போனது. சட்டென்று அமைதி.

“ஒரு சொட்டாவது குடிச்சியா?” கெங்காவுக்கு மூச்சு வாங்கியது.

“இல்லடி. உதட்டுல கூட படல. இன்னா ஆச்சு?”

குணமதி அத்தையும் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். ‘ஈ விழுந்துடுச்சுன்னு சொல்லிடலாமா?’ என்று கெங்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. பொய்தான். ஆனால் சுலபமான பொய்.

வேண்டாம் என்று தலையை உதறினாள்.

“அதுல தேன் ஊத்திட்டேன், அத்தை. உங்களுக்கு ஆவாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

அத்தை பாட்டிலை ஒரு பார்வை பார்த்தார். அனந்தியின் கண்கள் நிறைந்தன.

“குடிச்சிருப்பேனேடி, கெங்கா! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

கெங்கா தலை குனிந்தாள்.

“ஓடி வந்து சொன்னாளே, அதுவே பெருசு,” என்றார் அத்தை.

கண்டக்டர் கையை நீட்டினார். “அந்த பாட்டில இப்படி குடும்மா. எனக்குத் தேன் ஆவும். காத்தாலேருந்து தொண்டையில முள்ளு குத்துது, ஒரே பேஜாரு.” வாங்கி மடமடவென்று குடித்தார். “மல்லாட்டை வேற இருந்துதே, இன்னும் இருக்குதா?”

கெங்கா கேட்டைப் பார்த்தாள். அது இன்னும் திறக்கவில்லை.

“எதிர் வண்டி ஒண்ணு வரணும்!” என்று கேட் கீப்பர் குரல் கொடுத்தார்.

“அத்தை, தேன் இல்லாம பொடியும் வெல்லமும் கொண்டாந்திருக்கேன்! சுடுதண்ணி மட்டும் இருந்தா போதும்!”

அத்தை கூஜாவை எடுத்தார். வீட்டில் துணி போட்டு வடிகட்டிய தண்ணீர்; வடிகட்டாததை அவர்கள் குடிக்க மாட்டார்கள். தன் சொம்பிலேயே அதை ஊற்றிக்கொண்டு இறங்கினார். மூவரும் கேட்டோரம் இருந்த டீக்கடைக்கு ஓடினார்கள்.

டீக்கடைக்காரர் பாய்லரை இறக்கிவிட்டு, சொம்பை அடுப்பில் வைத்தார். கெங்கா விசிறினாள்.

பனைமரங்களுக்கு நடுவே சூரியன் பெரிய ஆரஞ்சு உருண்டையாகத் தொங்கியது.

“கொதி, கொதி,” என்று கெங்கா சொம்பிடம் கெஞ்சினாள்.

சூரியன் பாதியானது. சொம்பு லேசாக முனகியது. சூரியன் ஒரு கீற்றானது. சொம்பின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பொடியைப் போடக் காகிதத்தைப் பிரித்தாள்.

“வேணாம் கெங்கா,” என்றாள் அனந்தி மெல்ல. “போயிடுச்சு.”

மேற்கே வெறும் சிவப்புதான் இருந்தது.

“அட, வெளிச்சம் இருக்குது பாரு. சும்மா குடிம்மா,” என்றார் டீக்கடைக்காரர். “இங்க யாரு பாக்கப் போறா?”

“நான் பாக்கறேனே,” என்றாள் அனந்தி.

கெங்கா பிரித்த காகிதத்தை மறுபடி மடித்தாள். எல்லாம் முடிந்தது. நாளைக்கு மூக்கடைத்த அனந்தி எப்படிப் பாடிப் போவாள்? எல்லாம் தன்னால்தான். சொம்பை இறக்கக் குனிந்தாள்.

சூடான ஆவி குப்பென்று அவள் முகத்தில் அடித்தது.

அப்படியே நின்றாள்.

“அத்தை, ஆவி பிடிக்கறது சாப்பாட்டுல சேருமா?”

அத்தை ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “மூக்கால யாரும்மா சாப்பிடுவாங்க?”

கெங்கா தண்டவாளத்தின் ஓரமாக ஓடினாள். கேட்டை அடுத்த மேட்டில் நொச்சிச் செடிகள் புதராக வளர்ந்திருந்தன. இரண்டு கையாலும் கொத்துக் கொத்தாக ஒடித்தாள். பின்னால் எதிர் வண்டி தடதடத்துக் கடந்தது. கேட் திறந்தது. அத்தையும் அனந்தியும் ஏறியதும் பஸ் உறுமியது.

“ரைட், ரை...” கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர், ஓடி வரும் நொச்சிக் கட்டைப் பார்த்ததும் விசிலை எடுத்துவிட்டார். “அண்ணே, கொஞ்சம் இரு!”

கெங்கா ஜன்னல் வழியே இலைகளையும் பொடிக் காகிதத்தையும் திணித்தாள்.

“வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணியில இதப் போட்டு, போர்வைய போத்திக்கினு ஆவி பிடி. பானைகிட்ட ரொம்பக் குனியாத, சுட்டுடும். அத்தை, நீங்க பானைய பிடிச்சுக்கோங்க! பொடிய காலையில வெளிச்சம் வந்தப்புறம் குடிக்கட்டும்!”

பஸ் நகர்ந்தது. அனந்தி ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள். நொச்சி இலைகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கோபமா, இல்லையா? கெங்காவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விழுப்புரம் மைதானத்தில் அனந்தி கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். இருவரும் பேசிக்கொள்வதற்குள் விசில் ஊதிவிட்டது.

ஆட்டம் கடைசி வரை இழுத்தது. இரண்டு பக்கமும் சம புள்ளி. இன்னும் ஒரே ஒரு முறைதான் பாடிப் போக முடியும்.

அனந்தி கோட்டைத் தாண்டினாள். “கபடி கபடி கபடி...”

கெங்கா கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டினாள். குரல் அடைக்கிறதா? இல்லை. தெளிவாக, மணி மாதிரி வந்தது.

ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் இன்னொருத்தி கணுக்காலைப் பிடித்துவிட்டாள். அனந்தி குப்புற விழுந்தாள். மேலே இரண்டு பேர் சாய்ந்தார்கள்.

“கபடி கபடி கபடி...”

புழுதிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. மெலிந்தது. ஆனால் அறுபடவில்லை. ஒரு கை நீண்டது. ஒரு விரல் கோட்டைத் தொட்டது.

விசில்!

கெங்கா பாய்ந்து போய் அனந்தியைத் தூக்கினாள். அனந்தியின் முகமெல்லாம் மண். ஆனால் மூக்கு சிவந்திருக்கவில்லை.

“ராத்திரி அத்தை பானைய பிடிச்சுக்கினே இருந்தாங்கடி. அவங்க மூக்கும் சேத்துத் தொறந்துக்கிச்சு!” என்று அனந்தி சிரித்தாள்.

கெங்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

“அச்ச்ச்!”

அனந்தி இடுப்பில் கை வைத்து அவளைப் பார்த்தாள்.

“ம்... நாளைக்கு உனக்கு நான் கஷாயம் வெச்சுக் கொண்டார்றேன். அதுக்கு முன்னால சொல்லு. உங்க வீட்ல எதெல்லாம் ஆவாது?”

கெங்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

“எங்க வீட்ல எல்லாமே ஆவும்,” என்றாள். “கஷாயம் ஒண்ணுதான் ஆவாது.”